வாத்தியார் விட்ட வெள்ளை

என் பெயிண்ட் பெட்டியில் இரண்டாம் நம்பர் பிரஷ் ஒன்று தனியாகக் கிடக்கிறது. மயிரெல்லாம் ஒன்றாக இறுகி, விரலில் குத்தினால் வலிக்கும் அளவுக்குக் காய்ந்துபோன பிரஷ். மற்ற பிரஷ்களை வேலை முடிந்ததும் தின்னரில் அலசி, துணியில் துடைத்து, மயிர் வளையாமல் படுக்க வைப்பேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அது. இதை மட்டும் கழுவவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் இப்போதும் லேசாகக் கற்பூரம் மாதிரி ஒரு வாசனை வரும். சீன மையின் வாசனை. எங்கள் கம்பெனியில் அந்த மையைத் தொட்டவர் ஒருவர்தான். ஒரே ஒரு நாள், பத்து நிமிஷம், நானும் தொட்டேன்.

சார்ஜாவில் சனாயா என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறோம். எழுத்தை மிஷின் வெட்டும். உள்ளே லைட் வைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மாட்டுவார்கள். என் வேலை டச்சப். வண்டியில் உரசி விழுந்த கீறல், ஓரத்தில் பெயிண்ட் பிடிக்காமல் போன இடம், ஊசிமுனை அளவுக்கு எங்காவது தெரியும் வெள்ளை, இவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதே நிறத்தைக் கலந்து மூட வேண்டும். மூடியது யாருக்கும் தெரியக் கூடாது. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச எனக்கு வராது. இந்த வேலைக்கு வாய் தேவையில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. போர்மேன் காரணமில்லாமல் சத்தம் போட்டாலும், தப்பு என்மேல் இல்லை என்று சொல்வதைவிட, பேசாமல் அந்த இடத்தைச் சரிசெய்து கொடுத்துவிடுவது எனக்குச் சுலபம். அந்தக் குணம்தான் பின்னால் என்னை அந்தக் காரியத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைக்கிறேன்.

எங்கள் முதலாளி ஒரு சீனப் பெண்மணி. மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பட்டாணியர், மலையாளி, வங்காளி எல்லோரிடமும் வேலை வாங்கி வாங்கி, உடைந்த இந்தியில் எதையும் சொல்லிவிடுவார். ஒரு வருஷம் அவருடைய அப்பா மகளைப் பார்க்க ஒரு மாத விசிட்டில் வந்தார். ஊரில் பள்ளிக்கூடத்தில் பிரஷ் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவர் என்று மேடம் சொன்னதால், அன்றிலிருந்து எங்களுக்கு அவர் வாத்தியார். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் வந்த மூன்றாவது வாரத்தில் விமானங்களெல்லாம் நின்றுபோன அந்த நோய்க்காலம் வந்தது. ஒரு மாதம் பல மாதங்களாயிற்று. வெயில் ஒத்துக்கொள்ளாது என்று ஊரிலேயே இருந்துவிட்ட அவருடைய மனைவி, அந்த நேரத்தில் இறந்துபோனார். அடக்கத்தை அவர் மகளின் போனில் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பில் அன்று மிஷினை நிறுத்தி வைத்திருந்தோம். எங்களில் பாதிப் பேர் அப்படிப் போனில் யாரையாவது வழியனுப்பியவர்கள்தான். அதனால் யாரும் அவரிடம் ஆறுதல் சொல்லப் போகவில்லை. சொல்லிப் பயனில்லை என்று தெரியும்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பாதி திரும்பியது, பாதி திரும்பவில்லை. விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் தனியாக விட முடியாமல், மேடம் தினமும் காலையில் அவரைக் காரில் அழைத்துவந்து, முன்பக்கக் கண்ணாடி அறையில் உட்கார வைப்பார். அங்கே பெரிய மேஜை உண்டு. கம்பெனிக்கு வரும் பழைய செய்தித்தாள்களை விரித்து, நாள் முழுக்க எழுதுவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் பெஞ்சு. ஆகவே அவர் கையை இரண்டு வருஷம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மொழியில் ஓர் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் பிரஷ் எப்படி இறங்குகிறது, எங்கே கனக்கிறது, எங்கே தயங்குகிறது என்பதெல்லாம் எனக்குப் புரியும். அது என் தொழில்.

அவர் சும்மா எழுதமாட்டார். பார்த்துத்தான் எழுதுவார். மடித்து மடித்து விரிகிற சில புத்தகங்கள் வைத்திருந்தார். அவற்றில் தாள் கறுப்பு, எழுத்து வெள்ளை. கல்லில் வெட்டிய எழுத்தின்மேல் ஈரத்தாளை ஒட்டி, மையை ஒற்றி எடுத்த நகல்கள். ஒரு பக்கத்தை எடுத்தால் மாதக்கணக்கில் அதையே எழுதுவார். எங்கள் டிசைனர் தம்பி யாழ்ப்பாணத்துக்காரர், கம்ப்யூட்டரில் எழுத்து வரைகிறவர். அவருக்கு இது பெரிய வேடிக்கை.

"என்ன அண்ணை, இந்த மனிசன் மூண்டு மாசமா ஒரே பக்கத்தைக் கொப்பி அடிக்கிறார்? என்னட்டத் தந்தா ரெண்டு பட்டன். அலுவல் முடிஞ்சுது!"

என்ன சிரிப்பு என்று வாத்தியார் கேட்டார். போனைப் பார்த்து அவர் சீனத்தில் பேசினால், அது ஒரு பெண் குரலில், வானொலியில் செய்தி வாசிப்பது போலத் தமிழில் சொல்லும். நாங்கள் தமிழில் சொன்னால் அவருக்குச் சீனத்தில் சொல்லும். டிசைனர் தம்பி கூசாமல் தன் கேலியைப் போனில் திருப்பிச் சொன்னார். வாத்தியார் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு போன் சொன்னது: "இவர் கூறுவது சரி. நான் அறுபது ஆண்டுகளாக மற்றவர்களின் கைகளை அணிந்துகொண்டிருக்கிறேன். என்னுடைய கை இன்னும் வரவில்லை."

அணிந்துகொண்டிருக்கிறேன் என்ற சொல்லை வைத்து டிசைனர் தம்பி ஒரு வாரம் ஓட்டினார். கையுறை மாட்டும்போதெல்லாம் "நான் இப்ப அண்ணையின்ர கையை அணியிறன்" என்பார். ஆனால் எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு வாத்தியார் என்னை உள்ளே கூப்பிட்டு, சாப்பிடும் குச்சியால் புத்தகத்தையும் தன் தாளையும் மாறி மாறித் தொட்டு, எந்தக் கோடு யாருடையது என்று காட்டினார். ஒரு கை, மலைப்பாறையில் வெட்டிய எழுத்து. எழுதியவர் பெயர் தெரியாது. கோடு தடிப்பாக, அகலக் கால் வைத்து நிற்கும். நூற்றாண்டுக் கணக்கில் மழை தின்று விளிம்பெல்லாம் பிசிறியிருக்கும். வாத்தியார் அந்தப் பிசிறையும் விடாமல் பிரஷில் கொண்டுவருவார். இன்னொரு கை, பழங்காலத்து அதிகாரி ஒருவருடையது. எழுத்து நிமிர்ந்து நிற்கும். கோடு திரும்பும் இடத்தில் மூட்டை சுமக்கிறவர் தோளைப் போல ஒரு புடைப்பு இருக்கும். மூன்றாவது, வாத்தியாருக்கே வாத்தியாராக இருந்தவருடையது. கோட்டை முடித்ததும் பிரஷைப் பட்டென்று தூக்காமல், ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்பி எடுப்பது அவர் பழக்கமாம். விடைபெறுகிறவர் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது போல இருக்கும் அது.

பிறகு என் கையைப் பிடித்து ஒர்க்‌ஷாப்பின் பின்சுவருக்கு அழைத்துப்போனார். அங்கே ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகி ஒழுகி, கூரையடியிலிருந்து தரைவரைக்கும் ஒரு பழுப்புக் கறை இறங்கியிருந்தது. அதை மூடும்படி போர்மேன் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வாத்தியார் அதன்முன் நின்று, சாமி கும்பிடுவது போலத் தலையைத் தாழ்த்தினார். போன் சொன்னது: "நீர் அவசரப்படுவதில்லை. நிற்கிறது. யோசிக்கிறது. பின்பு இறங்குகிறது. ஒரு கோடு இவ்வாறு இருக்க வேண்டும்." எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அசிங்கமாகத் தெரிந்த ஒன்று அவருக்குப் பாடமாக இருந்தது. எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும்.

மேடத்தின் அம்மாவுக்கு நிரந்தரக் கல் இன்னும் வைத்திருக்கவில்லை. பங்குனி முடியும்போது அவர்கள் நாட்டில் எல்லோரும் கல்லறையைக் கூட்டித் துப்புரவு செய்யும் நாள் ஒன்று வருமாம். அந்த வருஷம் அதற்குள் கல் வைத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. கல்லில் வெட்ட வேண்டிய எழுத்தை வாத்தியார் எழுதித் தர வேண்டும். மனைவி பெயர் ஒரு வரிசை, பக்கத்தில் தன் பெயர் ஒரு வரிசை. உயிரோடு இருக்கிறவர் பெயரையும் கல்லில் வெட்டி, அதற்குச் சிவப்பு அடித்து வைப்பார்களாம். அவர் போனபிறகு சிவப்பைக் கறுப்பாக்குவார்களாம். அந்தத் தாளை மேடம் ஊருக்குக் கொண்டுபோய்க் கல்தச்சரிடம் கொடுப்பார். வாத்தியாரால் மனைவிக்கு அனுப்ப முடிந்தது அது ஒன்றுதான். சாவுக்குப் போகவில்லை. கல்லின் முன்னால் போய் நிற்கவும் முடியாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் கண்ணாடி அறைப் பக்கம் போகும்போது செருப்புச் சத்தம்கூட வராமல் நடந்தோம்.

நான்கு மாதம் எழுதினார். செய்தித்தாளில் எழுதி எழுதி, நல்ல தாளுக்கு வந்தார். எழுதுவார், பார்ப்பார், மடித்துக் கூடையில் போடுவார். பக்கவாதம் வந்த பிறகு பிரஷில் மை ஏற்றும் கணக்கு அவருக்குத் தப்பியது. சில கோடுகள் பாதியில் வறண்டு, மயிர் பிரிந்து, கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கீற்றுகள் ஓடும். பக்கவாதத்துக்கு முன்பு, மகளோடு எப்போதாவது வந்து எழுதிய நாட்களில், அவர் கோடுகள் எப்போதும் நிறைந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். நோய் அவர் கையைத் தின்ற இடம் அது என்று நினைத்தேன்.

மேடம் கிளம்புவதற்கு முந்தின நாள், புதன்கிழமை, காலையிலேயே என்னை புஜைராவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு கடைப் பலகையில் கீறல். சைட் வேலை முடிந்து நான் திரும்பியபோது சாயங்காலம் நான்கு மணி இருக்கும். டிசைனர் தம்பி டீ குடிக்கப் போயிருந்தார். கண்ணாடி அறையில் வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஓர் ஓய்வு. மேஜையில் அந்தத் தாள். நான்கு மூலையிலும் நான்கு பெயிண்ட் டின் வைத்துக் காயவிட்டிருந்தார். எழுதி முடித்துவிட்டார் என்று தெரிந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். கல்லில் வெட்டினாலும் தாங்கும் எழுத்து. மலைப்பாறை இருந்தது, அதிகாரியின் தோள் இருந்தது, வாசலில் திரும்பிப் பார்ப்பதும் இருந்தது. ஆனால் மனைவி பெயரின் கடைசிக் கோடு, மேலிருந்து கீழே நீளமாக இறங்குகிற கோடு, பாதிக்குமேல் வறண்டிருந்தது. கறுப்பு சிதறி, வெள்ளை வெள்ளையாகக் கீற்றுகள். அவர் பெயரிலும் முடிவில் கொஞ்சம் வெள்ளை இருந்தது. எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: பாவம், மை தீர்ந்ததைக்கூடக் கவனிக்க முடியாமல் களைத்துப்போய்த் தூங்கிவிட்டார். கல்தச்சர் இதை இப்படியே வெட்டிவிடுவார். காலத்துக்கும் அந்த அம்மாவின் பெயர் குறையாக நிற்கும். எழுந்து பார்த்தால் கிழவர் நொந்துபோவார். திரும்ப எழுத நாளும் இல்லை.

அவரைத் தொட்டு எழுப்பி, இது என்ன என்று கேட்டிருக்கலாம். போன் அவர் மடியிலேயே இருந்தது. நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்பதைவிடச் செய்வது சுலபம். வெளியே போய் என் பெட்டியிலிருந்து இரண்டாம் நம்பர் பிரஷை எடுத்துவந்தேன். அவர் மை தேய்க்கும் மைக்கல்லில் மிச்சம் மை இருந்தது. அந்தத் தாள் தண்ணீரைக் கண்டால் உறிஞ்சிப் பரப்பிவிடும் என்று கவனித்து வைத்திருந்தேன். அதனால் பிரஷைச் செய்தித்தாளில் ஒற்றி ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த முனையால், கீற்றுக் கீற்றாக மூடினேன். விளிம்பைத் தொடவில்லை. பத்து நிமிஷத்தில் கோடு நிறைந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல டச்சப் நான் செய்ததில்லை. அவர் பெயருக்குப் போகலாம் என்று நினைத்தபோது வெளியே மேடத்தின் கார் சத்தம் கேட்டது. பிரஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலம் ரோலாவுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். அதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை வாத்தியார் டின்களை எடுத்துவிட்டுத் தாளைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். பிறகு ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத என் வேலை, வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததும் மேகத் திட்டு மாதிரி தெரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தாளை விரித்து, மை தேய்க்கத் தொடங்கினார். முதல் தாளில் மூன்றாவது எழுத்தில் கை இழுத்துக்கொண்டது. இரண்டாவதில் முதல் எழுத்திலேயே. மூன்றாவது தாளில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதிப் பார்த்தார். நான்காவதில் பிரஷ் கையிலிருந்து நழுவித் தாளின் நடுவில் விழுந்தது. அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டிசைனர் தம்பி என் பெஞ்சுக்கு வந்தார். அன்று அவர் குரலில் கேலி இல்லை.

"அண்ணை, நேற்று நீங்க புஜைராவில நிக்கேக்க மனிசன் எழுதி முடிச்சிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினவர். மனிசியின்ர பேரில கடைசிக் கோடு இருக்கெல்லே, வெள்ளை வெள்ளையா? அதில விரலை வச்சு, இது மலையும் இல்லை, அதிகாரியும் இல்லை, என் ஆசிரியரும் இல்லை எண்டு போன் சொல்லுது. அப்ப ஆரின்ர கை எண்டு கேட்டன். நெஞ்சைத் தட்டிக் காட்டினார் அண்ணை. முதல் தரம் வந்திருக்காம். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிச்சார். இண்டைக்கு ஏன் திரும்ப எழுதுறார் எண்டுதான் விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. கையிலிருந்த பெயிண்ட் டின்னைக் கீழே வைத்தேன். அறுபது வருஷம் மற்றவர் கைகளில் இருந்துவிட்டு, மனைவியின் பெயரை எழுதும்போது, நோய் தின்ற கையில், அவருக்கு அவருடையது வந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் பார்த்து நான் மூடியிருக்கிறேன்.

மதியம் போல அவர் எழுந்து என் பெஞ்சுக்கு வந்தார். ஒரு கையில் சுருட்டிய தாள், மற்றதில் போன். என்னைப் பார்க்கவில்லை. என் பெட்டியைத் திறந்து பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். தின்னர் வாசனை, தின்னர் வாசனை, மறுபடி தின்னர் வாசனை. முந்தின நாள் பையிலிருந்து எடுத்து, கழுவ நேரமில்லாமல் போட்டிருந்த இரண்டாம் நம்பர் பிரஷ் வந்தது. அதை மூக்கருகே வைத்தபடி கண்ணை மூடினார். நான் எழுந்து நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் போனில் பேசினார். மிஷின் சத்தத்தில் அது சொன்னது கேட்கவில்லை. பட்டனை மறுபடி அழுத்தி என் காதருகே பிடித்தார்.

"நீங்கள் மூடியதை மழை திறக்கும். எங்கள் ஊரில் மழை அதிகம்."

பிறகு அந்தப் பிரஷைப் பெட்டிக்குள், நான் வைக்கிற மாதிரியே மயிர் வளையாமல் படுக்க வைத்துவிட்டு, மெதுவாக நடந்துபோனார். சாயங்காலம் தாளை மேடத்திடம் கொடுத்தார். நடந்ததைச் சொல்லவில்லை. அடுத்த ஐந்தாவது மாதம் அவர் இறந்தார். அதுவரை தினமும் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. மைக்கல் காய்ந்து, அதில் ஒர்க்‌ஷாப் தூசி படிந்தது.

மேடம் வருஷாவருஷம் பங்குனியில் ஊருக்குப் போய்விட்டு வந்து கல்லின் போட்டோவைக் காட்டுவார். முதல் வருஷம் அம்மா பெயர் கறுப்பு, அப்பா பெயர் சிவப்பு. அடுத்த வருஷத்திலிருந்து இரண்டும் கறுப்பு. கல்தச்சர் கெட்டிக்காரர். தாளில் இருந்ததை ஒரு மயிரிழை விடாமல் வெட்டியிருக்கிறார். வாத்தியார் பெயரின் முடிவில் வெள்ளைக் கீற்றுகள், மூச்சு விடுவது போல. அம்மா பெயரில் அது இல்லை. மேல் முதல் கீழ் வரை நிறைந்த கறுப்பு. அதைத்தான் மேடம் விரலால் பெரிதாக்கிக் காட்டுவார். "தேக்கோ பாயி," என்பார். தன் பெயரை எழுதும்போது அப்பாவுக்குக் கையில் தெம்பில்லை, அம்மா பெயருக்கு மட்டும் எங்கிருந்தோ பலம் வந்திருக்கிறது, பாருங்கள் எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறார், என்று தன் இந்தியில் சொல்லும்போது அவர் கண் நிறைந்துவிடும். நான் தலையாட்டுவேன்.

ஒருமுறை டிசைனர் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயை ஆற விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மேடத்திடம் சொல்லிவிடவா என்றேன். "சொன்னா உங்கட நெஞ்சு லேசாகும் அண்ணை. அவவுக்கு?" என்றார். அவர் சொன்னது சரியா, அல்லது பேசாமல் இருக்க எனக்கு இன்னொரு காரணம் கிடைத்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த வருஷமும் மேடம் போய்விட்டு வந்தார். போட்டோவைக் கேட்டு வாங்கி, அம்மா பெயரின் கடைசிக் கோட்டை, படம் மங்கும்வரை பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பிசிறுகூட விழவில்லை. கல் வெள்ளையாக, பளபளப்பாக இருந்தது. நல்ல கல்லாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

"அங்கே இந்த வருஷம் மழை எப்படி மேடம்?" என்று இந்தியில் கேட்டேன். நானாக வாய் திறந்து அவரிடம் கேட்கும் கேள்வி வருஷத்துக்கு இது ஒன்றுதான்.

"பஹுத் பாரிஷ்," என்றார். நிறைய மழையாம், வழியெல்லாம் சேறாம். "ஹர் சால் பாரிஷ் பூச்தா. க்யோன் பாயி?" ஏன் ஒவ்வொரு வருஷமும் மழையைப் பற்றியே கேட்கிறீர்கள் என்று சிரித்தார்.

"சும்மா மேடம்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். பெஞ்சில் ஒரு மருந்துக்கடைப் பலகை காத்திருந்தது. பச்சை எழுத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளை. பெட்டியைத் திறந்து, அந்த இறுகிய பிரஷை ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த வேறொன்றை எடுத்தேன்.